புகை வேண்டும் என்றார் பல் டாக்டர்

என்னை பீர் போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிடுகிறவர்கள் என் நாக்குக்காகத்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்ட பிறகு அதே நாக்குக்காக வருத்தப்படுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்குக் 'கசப்பு அக்கா' என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். மூத்தவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா "உணவு ஆய்வு" என்று சொல்லிவிட்டு அவசரமாக வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். இளையவளைப் பற்றிக் கேட்டால், "அவளும் அதே லைன்தான்" என்பாள்.

இளையவள் பீர் காய்ச்சுகிறவள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்தாள். பின்புறம் மூன்று எஃகுத் தொட்டிகள், முன்புறம் ஆறு மேசைகள். வருகிறவர்கள் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகலாம். வந்தார்கள், போனார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். ஓசியில் கிடைப்பது யோசனை ஒன்றுதானே.

போட்டிக்கு முந்தின வாரம் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தத் தடவை ஒரு பதக்கமாவது வரலைன்னா கடையை மூடிடப் போறேன். கட்டடக்காரர்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை வேற ஆளைக் கூட்டிட்டு வந்து இடத்தைக் காட்டப் போறாராம்."

"பதக்கத்துக்கும் கடைக்கும் என்னடி சம்பந்தம்? வியாபாரம் ஒண்ணும் அவ்வளவு மோசம் இல்லையே."

"வியாபாரத்துக்காக இல்லக்கா. இந்த வேலை எனக்குக் கை வந்திருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல. வீட்டு ஆளுங்க நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க. நீ அதையும் சொல்ல மாட்ட. யாருன்னே தெரியாத மூணு பேர் குடிச்சுப் பார்த்துச் சொல்லட்டும்."

அவள் போட்டிக்குக் கொடுத்தது ஸ்காட்ச் ஏல், ஸ்காட்லாந்து வகை பீர். மற்ற பீர்களில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ முன்னால் வந்து நிற்கும். இதில் அது பேருக்குத்தான். எல்லாம் மால்ட்டின் ஆட்சி. மால்ட் என்றால் முளைகட்டி வறுத்த பார்லி; அதிலிருந்து முதலில் வடிகிற கெட்டிச் சாற்றில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து, அகலப் பாத்திரத்தில் பாகு பதம் வரும்வரை சுண்டக் காய்ச்சி, பிறகு மற்றதோடு சேர்ப்பாள். அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில மாதம் முன்பு இதைக் காய்ச்சிய அன்றைக்குக் கிண்டியது நான். கூடப் பிறந்த பாவத்துக்கு ஒரு தோள்பட்டையைக் கொடுத்தேன்.

பீர் பக்குவமானதும் ருசி பார்க்கக் கொடுத்தாள். ரொட்டியின் கருகாத செந்நிற ஓரம், உலர்ந்த திராட்சை, பாகின் இனிப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு மெல்லிய சூடு. "பரவாயில்ல" என்றேன். என் அகராதியில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது.

போட்டி ஒரு பழைய துணிக்கிடங்கின் மாடியில் நடந்தது. நடுவர்கள் யாரும் சென்ட் போட்டுக்கொண்டு வரக் கூடாது, காபி குடித்துவிட்டு வரக் கூடாது. நாக்கைக் கழுவிக்கொள்ள வெறும் ரொட்டியும் தண்ணீரும் மேசைக்கு மேசை இருந்தன. பீர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நான் போனதும் முதல் வேலையாக அமைப்பாளரிடம், என் தங்கை ஸ்காட்ச் ஏல் பிரிவில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவர் முன்பு கைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். இன்னமும் சட்டைப் பையில் விசில் வைத்திருப்பார். என்னை வெளிர் நிற பீர்களின் மேசைக்கு மாற்றினார். இரண்டு மேசைக்கும் நடுவில் நாலு எட்டு தூரம்தான். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று விதியில் எழுதவில்லை.

"இதுல புகையே இல்லையே!"

பல் டாக்டரின் குரல். அந்த மேசையின் மூன்று நடுவர்களில் அவர் குரல்தான் பெரியது. நாளெல்லாம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர்.

"ஸ்காட்ச்னா புகை வேணும். விஸ்கியை மோந்து பாருங்க, கரி அடுப்புப் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும்."

"அது விஸ்கி, டாக்டர். இது பீர்," என்றார் பேக்கரி நடத்துகிற அம்மாள்.

"ரெண்டுக்கும் ஊர் ஒண்ணுதானே?"

மூன்றாவது நடுவர் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்கிற ரகம். தலையை ஆட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் கையிலிருந்த குவளைகள் வேறு வியர்த்து வழிந்துகொண்டிருந்தன. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியிருக்கிறார்கள். இந்த பீரை அந்தக் குளிரில் சுவைப்பது, இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவனை எழுப்பிப் பாட்டுப் பாடச் சொல்வது மாதிரி. டாக்டர் குவளையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். செம்பு கலந்த பழுப்பு. புகை இல்லாதது. நான் தோள் வலிக்கக் கிண்டிய அதே நிறம். டாக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மதிப்பெண் போடக் குனிந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால், தப்பான ஒரு காரணத்துக்காகத் தங்கையின் கடை திங்கட்கிழமையோடு போகும். திறந்தால், அது சிபாரிசு. உறவு இருக்கிற மேசையைப் பற்றி நடுவர் பேசக் கூடாது என்பது நானே புது நடுவர்களுக்குக் கண்ணை உருட்டிச் சொல்லிக்கொடுக்கும் விதி. எழுந்து நேராக அமைப்பாளரிடம் போனேன்.

"அந்த மேசையில தப்பு நடக்குது. நான் சொல்லக் கூடாதுதான். ஆனா நடக்குது."

"உங்க தங்கச்சியோட பீர் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"அப்போ நீங்க சொல்றதை நான் காதுல வாங்கவே கூடாது."

"வாங்காதீங்க. ஸ்காட்ச் ஏல் எப்படி இருக்கணும், எவ்வளவு குளிர்ல குடிக்கணும்னு உங்க போட்டி விதியிலேயே இருக்கு. நீங்களே எடுத்துப் படிங்க. அதுல புகை வேணும்னு ஒரு வரி இருந்தா இனிமே இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

அவர் உதடு அசைய மெதுவாகப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க வெளிய போய் உட்காருங்க," என்றார். நான் கதவைத் தாண்டுவதற்குள் உள்ளே விசில் சத்தம் கேட்டது. அந்த மேசையின் பீர்கள் எல்லாவற்றையும் புதிதாக ஊற்ற வேண்டும், குவளையை உள்ளங்கையில் வைத்துக் குளிர் விட்ட பிறகே சுவைக்க வேண்டும், புகை தூக்கலாக இருந்தால் அது குறை என்றே கொள்ள வேண்டும் என்று அவர் அறிவிப்பது கதவு வழியே கேட்டது.

வெளியே மாடிப்படியில் தங்கை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, துரத்திட்டாங்களா?"

"துரத்தல. உட்காரச் சொன்னாங்க."

"யார்கிட்ட வாயைக் கொடுத்த?"

அவளிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை. நடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது.

"எனக்காகவா போய்ப் பேசின? யாருன்னே தெரியாதவங்க சொல்லணும்னுதானே நான் இங்க வந்தேன்? இனிமே பதக்கம் வந்தாலும் அது என்னோடது இல்லக்கா, உன்னோடது."

"விதியில இருக்கிறதைத்தான் படிக்கச் சொன்னேன்."

"நீ பேசாத."

இரண்டு படி தள்ளி உட்கார்ந்துகொண்டேன். பிஸ்கட்டை எனக்கு நீட்டவும் இல்லை அவள்.

முடிவு அறிவித்தார்கள். ஸ்காட்ச் ஏலுக்குத் தங்கப் பதக்கம் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிற ஒரு பெண்ணுக்கு. வெள்ளி யாருக்கோ, வெண்கலம் யாருக்கோ. தங்கையின் பெயர் வரவே இல்லை. அவள் கைதட்டினாள். எனக்குக் கை எழவில்லை. இவ்வளவு சொல்லியும் நாக்கு செத்த மூன்று பேர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது பல் டாக்டரே கையில் பெயர்ப் பட்டியலோடு எங்களிடம் வந்தார்.

"புகை போட்ட அந்த ஏல் உங்களோடதுதானே?" என்று தங்கையிடம் கேட்டார்.

"புகையா?" என்றேன் நான்.

தங்கை என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினாள். "கடைக்கு வர்றவங்க எல்லாம் ஸ்காட்ச்ங்கிற, புகை எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அதனால புகையில வாட்டின மால்ட் போட்டு இன்னொரு தடவை காய்ச்சினேன். அதைத்தான் இங்க கொடுத்தேன். சொன்னா நீ கத்துவ."

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். "முதல் சுற்றுல நான் அதிகமா மார்க் போட்டது உங்களோடதுக்குத்தான், தெரியுமா? பதக்கம் உறுதின்னே நினைச்சேன். அப்புறம் அமைப்பாளர் விசில் ஊதிட்டாரு. ஆனா அவர் படிச்சது சரிதான். கொஞ்சம் சூடாக்கிக் குடிச்சதும் அந்தப் புகையில்லாத பீர், இப்ப தங்கம் வாங்கினதே, அது எங்கேயோ மேல போயிடுச்சு. நான்தான் இத்தனை நாளா தப்பாப் புரிஞ்சு வெச்சிருந்தேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் விசிலையே ஊத வைத்திருக்கிறேன். தங்கையின் கடையைக் காப்பாற்றப் போய், கையில் விழ இருந்த பதக்கத்தை நானே தட்டிவிட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. பொது இடத்தில் அழுகிற ஆள் இல்லை நான், ஆனாலும் வந்தது.

தங்கை என்னை உற்றுப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிபாரிசுக்குப் போய் என்னையே கவுத்துட்டு வந்த ஒரே ஆள் உலகத்துல நீயாத்தான் இருப்ப!"

சிரித்து முடித்ததும் போய் அந்தப் பேருந்துப் பெண்ணிடம் அவளுடைய பீரில் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். கையில் பொத்தி வைத்து, முகர்ந்து, குடித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. குவளையை என்னிடம் நீட்டினாள்.

"குடி. இது என்னன்னு சொல்லு."

குடித்தேன். ரொட்டியின் ஓரம். திராட்சை. பாகு. "நீ முதல்ல காய்ச்சினது மாதிரியே இருக்கு," என்றேன். "ஆனா உன்னோடது இதைவிட நல்லா இருந்துச்சு."

"இப்ப சொல்றியா? அன்னைக்குப் பரவாயில்லன்ன!"

"அது நல்லா இருந்துச்சுடி. ரொம்ப நல்லா இருந்துச்சு. போதுமா?"

போதவில்லை. முகத்திலேயே தெரிந்தது. அக்கா அழுதுகொண்டே சொல்வதை எந்தத் தங்கை தீர்ப்பாக எடுத்துக்கொள்வாள்? ஆனால் அவள் கண் ஓர் இடத்தில் நிற்காமல் அலைந்தது. ஏதோ யோசிக்கிறாள் என்று புரிந்தது. டாக்டரையும் பேருந்துப் பெண்ணையும் கூப்பிட்டு, பக்கத்தில்தான் தன் இடம் என்றும், வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போக முடியுமா என்றும் கேட்டாள். என்னிடம் திரும்பி, "நீ வாயைத் திறந்தா கொன்னுடுவேன்," என்றாள்.

டயர் கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் தடவை காய்ச்சியதில் ஒரு சிறு பீப்பாய் மீதம் இருந்தது. அவர்களை முன்மேசையில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் ஊற்றி எடுத்து வந்தாள். என்ன பீர் என்று சொல்லவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன்.

டாக்டர் புதிதாகக் கற்ற பாடத்தை மறக்காமல் குவளையை இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடேற்றினார். குடித்தார். புருவத்தை உயர்த்தினார்.

"இதை எதுக்கு மறுபடியும் கொடுக்கிறீங்க? இது இந்தம்மாவோட தங்கப் பதக்க பீர்தானே?"

தங்கை பேருந்துப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அவசரப்படுகிற ஆளாகத் தெரியவில்லை. முகர்ந்தாள். ஒரு மடக்கு குடித்துக் காத்திருந்தாள். இன்னொரு மடக்கு குடித்துவிட்டுக் குவளையை மேசைமேல் வைத்தாள்.

"இது என்னோடது இல்ல டாக்டர். என்னோடது இவ்வளவு நேரம் வாயில நிக்காது." தங்கை பக்கம் திரும்பினாள். "இதை விட்டுட்டு ஏங்க அதைக் கொண்டு வந்தீங்க? இது மட்டும் அங்க வந்திருந்தா எனக்கு இன்னைக்கு வெள்ளிதான். சாறை எவ்வளவு நேரம் சுண்ட வெச்சீங்க?"

"அக்கா, நீ சொல்லு," என்று தங்கை என்னைக் கை காட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தொட்டிகளின் பக்கம் போனாள். நான் சுண்டிய கதையைத் தோள்பட்டையோடு சேர்த்து ஆரம்பித்தேன். ஆனால் என் காதெல்லாம் அங்கேதான் இருந்தது.

"சார், நான்தான். திங்கக்கிழமை யாரையும் கூட்டிட்டு வர வேண்டாம்... ஆமா சார், காலி பண்ணல. இருக்கேன்..." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "பதக்கமா? இல்ல சார், அது கிடைக்கல."