நாளைப் புத்தகம்

வாசலில் முட்டி போட்டுக்கொண்டு செருப்புகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள் மகள். நின்றபடி எடுத்த மூன்று படங்களையும் அழித்துவிட்டாள். பெரியவர்கள் பார்க்கிற உயரத்திலிருந்து எடுத்தால் உதவாது, பிள்ளைகள் பார்க்கிற உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். பின்னால் வந்து நின்ற பெரியம்மாவுக்கு அழுகையே நின்றுவிட்டது. உள்ளே கூடத்தில் தங்கை பெட்டிக்குள் கிடக்கிறாள், அவள் பெற்ற பெண் செருப்பைப் படம் பிடிக்கிறாள்.

"என்னடி பண்றே?"

"ரெண்டாம் பக்கம், பெரியம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது."

அம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. எண்ணூறு பிள்ளைகள் படிக்கிற அந்த இடத்தில் மணிச் சத்தமும் கூட்டமும் சொல்லாமல் கொள்ளாமல் வரும் மாற்றமும் தாங்காத பிள்ளைகள் ஏழு பேர். எல்லோரோடும் சேர்ந்து அதே வகுப்பில்தான் உட்காருவார்கள். தலைக்கு மேல் போனால் தாழ்வாரக் கோடியில் இருக்கும் அமைதி அறைக்கு வந்து, பத்து நிமிடம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர்களைத் திரும்பிப் போக வைப்பதுதான் அம்மாவின் வேலை. அதற்கு அவள் கையில் இருந்த ஆயுதம் ஒரு சின்னப் புத்தகம். பல் டாக்டர் வருகிறாரா, தீயணைப்பு ஒத்திகையா, கணக்குக்குப் புது வாத்தியாரா, எதுவானாலும் முந்தின நாளே ஆளுக்கொரு புத்தகம் கிடைத்துவிடும். பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரு வரி, ஓரத்தில் டிக் போட ஒரு கட்டம். பிள்ளைகள் அதை நாளைப் புத்தகம் என்பார்கள். படம் அந்த இடத்திலேயே எடுத்ததாக இருக்க வேண்டும், வரி உண்மையாக இருக்க வேண்டும், 'பயப்படாதே' என்று எழுதவே கூடாது. அம்மாவின் சட்டம் இவ்வளவுதான்.

மகளுக்கு இதெல்லாம் தெரிந்தது வேண்டா வெறுப்பாகத்தான். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வாரம் பூராவும் ஊரார் கால் பிரேக்கில் இருக்கிறதா என்று பார்த்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதி கிடையாது. ஸ்டேப்ளர் அடிப்பதற்கென்றே தன்னைப் பெற்றாயா என்று அம்மாவிடம் பல தடவை சண்டை பிடித்திருக்கிறாள்.

நேற்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. இன்று காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியை போன் செய்தார். ஆறுதல் சொன்ன பிறகும் போனை வைக்காமல் தயங்கினார். ஏழு பேரும் டீச்சரைப் பார்க்க வர வேண்டும் என்கிறார்கள், முக்கியமாக இன்ஸ்பெக்டர் என்றார். இன்ஸ்பெக்டர் என்பது அம்மா வைத்த பெயர். பதினோரு வயதுப் பெண். காதில் எப்போதும் பச்சை ஹெட்போன். புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் நடக்கிறதா என்று சரிபார்க்காமல் ஓர் அடி நகரமாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளித் தோட்டக்காரர் யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். தினமும் காலையில் அவரோடு பூந்தொட்டிகளை எண்ணுகிற இன்ஸ்பெக்டர் அன்று முழுக்க கேட்டருகே நின்றாள். மறுநாளிலிருந்து நான்கு மாதம் பள்ளிக்கே வரவில்லை. அம்மா ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வீட்டுக்கு நடையாய் நடந்துதான் திரும்பக் கூட்டி வந்தாள். இந்தத் தடவை நடக்க அம்மா இல்லை. தலைமையாசிரியை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, மகளுக்குப் புரிந்தது.

"புத்தகம் இல்லாம அவங்களைக் கூட்டிட்டு வர முடியாதும்மா. எங்க யாருக்கும் அதைச் செய்யத் தெரியலை."

எத்தனை மணிக்குப் பஸ் வரும் என்று மட்டும் கேட்டாள் மகள். மூன்று மணிக்கு. அம்மாவை எடுத்துப் போவது நான்கு மணிக்கு.

அதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் பக்கத்துக்கு வீட்டின் நீல கேட். இரண்டாவதற்குச் செருப்புகள். மூன்றாவதற்கு அம்மா. 'டீச்சர் பெட்டிக்குள் படுத்திருப்பார். கண் மூடியிருக்கும். எழுந்திருக்க மாட்டார்.' நான்காவது பக்கம், 'சிலர் அழுவார்கள்.' இதற்கு ஆள் வேண்டும். அழுகைக்குப் பெரியம்மாவை விட்டால் யார்? ஆனால் போனை நீட்டியதும் பெரியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், முன்னால் விழுந்த முடியை ஒதுக்கினாள், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டாள். பிறகு தற்செயலாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். படம் அப்போதுதான் கிடைத்தது.

ஐந்தில், 'ஒரு பூ வைக்கலாம். வைக்காமலும் இருக்கலாம்.' ஆறு, சத்தம் தாங்கவில்லை என்றால் போய் உட்காரப் பின்னறை. அவள் போனோடு அங்கே போனபோது அப்பா கட்டில் ஓரத்தில் இருந்தார். நேற்று மாலையிலிருந்து அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். எழுந்து திரைச்சீலையை இழுத்து மூடினார். ஸ்டூலில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பேட்டரியை உருவினார்.

"இது டிக்டிக்குனு அடிக்கும். அவளுக்கே பிடிக்காது" என்றார்.

ஏழாவது பக்கத்தில் பஸ் கிளம்பும். 'நாளை பள்ளி உண்டு. டீச்சர் நாளை வர மாட்டார்.' எழுதிவிட்டுப் பார்த்தாள். இது முழு உண்மை இல்லை. இரண்டாவது 'நாளை'யை அழித்துவிட்டு 'இனி' என்று எழுதினாள்.

பெற்ற தாயைப் போட்டுவிட்டு எங்கே போகிறாள் இவள் என்று மாமா வாசலில் கேட்பது காதில் விழுந்தது. நின்று பதில் சொல்ல நேரமில்லை. கற்றுக்கொடுக்கிற காரையே எடுத்துக்கொண்டு அச்சுக்கடைக்கு ஓடினாள். ஏழு பிரதி. கடைக்காரரின் ஸ்டேப்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கி அங்கேயே நின்று அடித்தாள். பள்ளியில் கொடுத்துவிட்டு வரும் வழியில், சிவப்பு விளக்குக்கு நின்றபோது, தான் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பது அவளுக்கே கேட்டது. அம்மா செத்த மறுநாளே இப்படி ஒரு உற்சாகமா என்று கூசிப்போனாள். என்ன செய்ய, மனசு துள்ளத்தான் செய்தது. ஏழும் சரியாக வந்திருந்தன, அம்மா பார்த்தால்கூட ஒரு குறை சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் இருந்த நாற்பது பேரையும் புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களைப் போல நடத்தினாள். பிள்ளைகளைத் தொடக் கூடாது. இந்தப் பிள்ளைக்கு என்ன என்று யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. கூட்டமாக நெருங்கக் கூடாது. முக்கியமாக, சத்தம் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டாவது இருப்பதாகப் பெரியம்மா வாக்குக் கொடுத்தாள்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. ஏழு பேரும் வரிசையாக இறங்கினார்கள். முன்னால் பச்சை ஹெட்போன். நீல கேட்டைத் தொட்டுப் பார்த்து ஒரு டிக். செருப்புகளுக்கு ஒரு டிக். இன்ஸ்பெக்டர் பெட்டியருகே வந்தாள். குனிந்து, டீச்சரின் மூடிய கண்களை வெகுநேரம் பார்த்தாள். டிக். பக்கத்தைத் திருப்பினாள்.

அங்கே நின்றுவிட்டாள்.

கூடத்தில் குண்டூசி விழுந்தால் கேட்கும். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் வறண்டு கிடந்தன. பின்னால் ஆறு பேரும் அதே பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"யாரும் அழலை" என்றாள்.

அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்று தலைமையாசிரியை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அது அவள் காதில் ஏறவில்லை.

"நாலாம் பக்கம் தப்பா?" பெட்டியையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ மூணாம் பக்கமும் தப்பா? எழுந்திருப்பாங்களா?"

மகள் தன் கையாலேயே கெடுத்துக்கொண்ட வேலை. நாலாம் பக்கத்தை எழுதியவளும் அவள்தான், அழாதே என்று வீட்டையே அடக்கி வைத்தவளும் அவள்தான். பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா பாவம், இப்போது அழலாமா என்று கண்ணாலேயே கேட்டாள், வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இன்ஸ்பெக்டரின் பாதங்கள் வாசல் பக்கம் திரும்பத் தொடங்கின.

ஏதாவது சொல்லி நிறுத்தலாம் என்று மகள் ஓடிப்போய் அவள் முன் முட்டி போட்டாள். புத்தகம் சரிதான் என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அந்த உயரத்தில் எதிரே அம்மாவின் முகம் தெரிந்தது. காலையிலிருந்து அதைப் போனுக்குள்தான் பார்த்திருந்தாள், வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று. இப்போது கையில் போன் இல்லை. நெற்றி, மூக்கு, மடித்த துணி போல மூடியிருந்த உதடுகள். சொல்ல வந்தது ஒன்று. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது வேறு. தானா இப்படிக் கத்துகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டு கைகளாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பின்னறைக்குப் போகவில்லை. மகளின் முகத்துக்கு வெகு அருகில் குனிந்து, கன்னத்தில் நிஜமாகவே தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்தாள். பென்சிலை எடுத்து நான்காம் பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டாள்.

பிறகு பக்கத்தைத் திருப்பி, ஒரு பூவை எடுத்தாள்.