மரத்தின் பழுதுப் பட்டியல்

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டோடு கிடக்கும்படி ஆனதும் அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. குழாய் சொட்டினால் கத்தல், காபி ஆறினால் கத்தல். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் கோடு போட்ட நோட்டு ஒன்றை அவர் மடியில் போட்டாள்.

"என் உயிரை வாங்கினது போதும். பால்கனியில உக்காந்து, மேல கிளை நீட்டிக்கிட்டு நிக்குதே, அந்த மரத்தைப் பாருங்க. பாக்கறத எழுதுங்க. நிறையப் பேரு எழுதறாங்களாம், மனசு அடங்குதாம்."

எழுதினார். இருபத்தாறு வருடம் லிஃப்டுக்குப் பழுதுப் பதிவேடு எழுதிய கை வேறு எப்படி எழுதும்? தேதி, நேரம், கோளாறு. 'அடிமரத்தில் பட்டை உரிகிறது. மூன்றாவது கிளையில் விரிசல். வேரருகே எறும்புப் புற்று. இலைகளில் ஓட்டை.' விரிசலைப் படமாக வரைந்து பக்கத்தில் அளவும் குறித்தார்.

நோட்டைப் புரட்டிய மனைவி, "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைங்க," என்றாள். "அது பாட்டுக்கு நிக்குது. அதையும் விடலயா?"

ஆனால் மரம் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. விடிந்தால் பல் விளக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிடுவார். நலம் விசாரிக்க வந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர், "பிரமாதம் சார், ஃபோட்டோ எடுத்துக்கட்டா?" என்று கேட்டபோது, வாயெல்லாம் பல்லாக நோட்டை நீட்டினார். மரம் நிற்கிற இடத்தில் இரண்டு கார் நிறுத்த அந்த ஆள் அலைவது கட்டடத்துக்கே தெரியும். இவருக்கும் தெரியும். பாராட்டு கண்ணை மறைத்துவிட்டது.

நாற்பதாவது நாள் கீழே ரம்பத்தோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். அறிவிப்புப் பலகையில் நகராட்சி அனுமதி: ஆபத்தான மரம், வெட்டலாம். ஆதாரம், இவர் கையெழுத்தில் ஆறு பக்கம். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கினார்.

"யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"உங்க நோட்டுல நான் ஒரு எழுத்து சேர்க்கல சார்." செயலாளர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "மரம் நல்லா இருக்குன்னு நீங்க எழுதின ஒரே ஒரு வரியைக் காட்டுங்க. இப்பவே நிறுத்தச் சொல்றேன்."

நின்றபடியே புரட்டினார். முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை. அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அதைவிடத் தன் கையை உடைத்துப் போடவேண்டும்போல ஆத்திரம் வந்தது.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. வெட்டியவர்களில் ஒருவர் அடிமரத்தைத் தட்டிப் பார்த்து, "உள்ள கல்லு மாதிரி இருக்கே. எவன் இதைச் சீக்குன்னு சொன்னான்?" என்றார். மெக்கானிக் நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் புதுப் பக்கம் எடுத்தார். இனியாவது ஒரு நல்ல வார்த்தை எழுதிவிட வேண்டும் என்ற வெறி. பேனா நகரவில்லை.

"அதோட பூ என்ன கலரு?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

மனைவி வாசற்படியில் வந்து நின்று அவரையே பார்த்தாள்.

"வெள்ளை," என்றாள். "நாப்பது நாளும் உங்க மடியிலதான் உதிர்ந்துச்சு. தட்டி விட்டுட்டுத்தான் எழுதினீங்க."