கங்காணிச் சட்டை

நீலமலையின் கிழக்குச் சரிவிலே, கீழ்க் கோத்தகிரிக்கும் சமவெளிக்கும் இடையே மடிப்பு மடிப்பாக இறங்கும் தேயிலைக் குன்றுகளின்மேல் வைகறை வருகின்ற வகையைக் காணாத அன்பர்களுக்கு, அதனைச் சொல்லிவிட்டே கதைக்குள் நுழைதல் முறை. அங்கே கதிரவன் முதலில் தோன்றுவதில்லை. பள்ளத்தின் அடியில் படுத்துக் கிடந்த வெண்பனி, கன்றைத் தேடி எழும் பசுவைப்போல மெல்ல அசைந்தெழுந்து, கற்பூர மரங்களின் கால்களை நக்கி, தேயிலைச் செடிகளின் தலைகளைத் தடவி, தகரம் வேய்ந்த வரிசை வீடுகளின் இடுக்குகளில் புகுந்து, எது பனி எது அடுப்புப் புகை என்று பிரித்தறிய மாட்டாதபடி கலந்த பின்னரே வானத்தின் ஓரம் வெளுக்கும். அப்போது மேட்டின் உச்சியிலே, பண்டு வெள்ளைத் துரை ஒருவன் கட்டி வாழ்ந்து இன்று விருந்தினர் விடுதியாகிவிட்ட மேட்டு மாளிகையின் சிவந்த ஓட்டுக்கூரை மட்டும், வெள்ளத்தில் சிக்காத வீடுபோலப் பனிக்குமேல் மிதக்கும். கீழே இருப்போர்க்கு அது என்றும் மேலேதான் இருந்தது. ஆண்டவர்கள் போனார்கள், மேடு போகவில்லை.

அந்த மேட்டுப் பாதையில், தோளில் பறையும் கையில் துணிமூட்டையுமாக ஏறிக்கொண்டிருந்தான் பொன்னுத்துரை. அறுபத்தாறு அகவை. பதினைந்தாம் அகவையில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்து, இம்மலையில் நாற்பதாண்டு கவாத்துக் கத்தி பிடித்து, கத்தி கைவிட்ட பின் கூத்தும் கொட்டுமே பிழைப்பாகக் கொண்டவன். அழைப்போர்க்கெல்லாம் அவன் ஆள். திங்களன்று உதகையில் மலர்விழா ஊர்வலத்தின் முன்னே வேலேந்திய பழம்படை வீரன். புதனன்று லவ்டேல் பக்கத்து விழாவொன்றில் வெள்ளையனைப் பல்லக்கில் சுமந்த நால்வருள் ஒருவன். வெள்ளியன்று குன்னூர்த் திருமண வாயிலில் பறை கொட்டுபவன். ஒரே கிழமைக்குள் முந்நூறு ஆண்டுகளை நடந்து கடந்தும், எந்த நூற்றாண்டிலும் அவனுக்கு உட்கார ஓர் இருக்கை கிடைத்ததில்லை. எவ்வேடமும் மறுக்காதவன் ஒன்றை மட்டும் மறுத்தே வந்தான்: கங்காணியின் கறுப்புச் சட்டை. கூலியாட்களை மேய்த்த அந்த மேற்பார்வையாளனின் பிரம்பைச் சிறுவயதில் தன் தந்தையின் முதுகிலே கண்டவன் அவன்.

மேட்டு மாளிகையிலே நாள்தோறும் விடியலில் தோட்டத்தின் பழங்கதை ஆடிக் காட்டப்படும். விருந்தினர் புல்வெளியில் தேநீர்க் கிண்ணத்தோடு அமர்ந்திருக்க, பொன்னுத்துரை பறை அறைவான். நாலைந்து பேர் கூடை சுமந்து வந்து வரிசையில் நிற்பர். அருவங்காட்டிலிருந்து வரும் சந்துரு என்னும் இளைஞன் கங்காணிச் சட்டையும் தலைப்பாகையும் அணிந்து பெயர் வாசிப்பான். ஆட்களை நிறுத்திப் பெயர் வாசிக்கும் இம்முறைக்குத் தோட்டத்தார் இட்ட பெயர் பெரட்டு. தப்பு என்று அவர்கள் சொல்லும் பறையில் அதற்கென்றே ஓர் அறைவு உண்டு. இலங்கையில் அதனை அறைந்தவன் பொன்னுத்துரையின் தந்தை முனியாண்டி. ஆனால் வேலை இல்லாத நாளில் பெரட்டுப் பறை அறையலாகாது என்பது அவர்கள் வழக்கு. குளிரில் எழுந்து வந்த கால்களை வெறுமனே திருப்பி அனுப்புதல் பழி என்றிருந்தார்கள். ஆகவே பொன்னுத்துரை இத்தனை நாளும் கோயில் கொட்டையே அங்கே அடித்துவந்தான். வேறுபாடு எவர்க்கும் தெரியவில்லை. முந்திய நாள்வரை.

முந்திய நாள் விடுதியின் மேலாளன் ரெனிஷ் அவனைத் தனியே அழைத்திருந்தான்.

"அண்ணே, இங்க தங்கியிருக்கற ஒரு வயசான கெஸ்ட் இலங்கைல வேலை பார்த்தவராம். இது பெரட்டுத் தப்பே இல்ல, கோயில் கொட்டுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு."

"அத வேலை இருந்தாத்தான் அடிக்கணும் தம்பி."

"இதும் வேலைதானே. முடியாட்டி சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன். ஸ்பீக்கர் இருமாது, பீடிக்கும் போகாது."

பொன்னுத்துரை இசைந்தான். அச்சத்தால் மட்டும் இசைந்தான் என்று நாம் கொள்வோமானால் அவனுக்கு நாம் தீங்கிழைத்தவராவோம். அவன் நெஞ்சின் அடியில் வேறொன்று கிடந்தது. இலங்கையில் அதே தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், அவனோடு வளர்ந்த அவன் மனைவி கருப்பம்மா, ஈராண்டாக, கரையோரத்து மண் இற்றுவிழுவதுபோல நினைவிழந்து வந்தாள். முதலில் பெயர்கள் போயின, பிறகு வழிகள், கடைசியாகக் கணவனும் போனான். நாற்பத்தைந்து ஆண்டு உடன் வாழ்ந்தவனை நோக்கி, "யாருங்க நீங்க, பாவம், ஒங்களுக்கு ஊடு இல்லையா?" என்று பரிவோடு கேட்பாள்; அவன் ஊட்டினால் உண்பாள். அடுத்த வீட்டுத் தபித்தாள்தான் அவன் வெளியே போகும் நாளெல்லாம் அவளைக் காத்து வந்தவள். கோயில் மணி கேட்டபோது கருப்பம்மாளின் விரல்கள் தாளமிட்டன என்று தபித்தாள் ஒருநாள் சொல்லப்போக, அச்சொல் அவனுள்ளே விதைபோல் விழுந்து கிடந்தது. பெரட்டுப் பறை அவளைத் தொடாதா? இளமையில் நாள்தோறும் அவளை எழுப்பிய ஒலியல்லவா அது? காற்றும் மேட்டிலிருந்து அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை நோக்கித்தான் வீசும்.

எனவே அன்று விடியலில் பறையை நெருப்பில் காய்ச்சி, புல்வெளியின் விளிம்பில் நின்று, கீழ்நோக்கித் திரும்பி அறைந்தான். இரு நெடில், மூன்று குறில், ஒரு வெட்டு. ஐம்பது ஆண்டு மடக்கி வைத்த ஒலி விரிந்து பனியைக் கிழித்துப் பள்ளத்தில் இறங்க, அமர்ந்திருந்த விருந்தினரும் தம்மையறியாது நிமிர்ந்தனர். கூடைக்காரர்கள் வந்து நின்றார்கள். சந்துரு குறிப்பேட்டைத் திறந்தான்.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து அவள் வந்தாள். இடுப்பில் சாக்கு கட்டி, தலையில் துணி மடித்துப் போட்டு, தபித்தாளின் வெங்காயக் கூடையை நெற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு, வழி மறந்தவள் ஓர் இடத்தும் தயங்காமல் ஏறி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். பின்னே தபித்தாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பறையறைந்தவனைக் கருப்பம்மா பார்த்தாள். பார்த்ததும் அவள் கண் மலர்ந்தது. ஈராண்டாக அவன் காணாத மலர்ச்சி.

"பிந்திட்டேனா மாமா?" என்றாள்.

அவள் மாமா என்றது அவன் தந்தையை. பொன்னுத்துரைக்கு விளங்க ஒரு நொடி ஆயிற்று.

"இல்ல புள்ள."

"ஒங்க மவன் எங்க? இன்னும் படுத்துக் கெடக்கானா?" தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "லயத்துல எல்லாம் அவனைச் சோம்பேறின்னு கேலி பண்ணுறாளுக. நான் ஒண்ணும் சொல்லலப்பா."

"வருவான்," என்றான் பொன்னுத்துரை.

சந்துரு பெயர்களை வாசித்து முடித்தான். அவள் வரிசையை விட்டு ஓரடி முன்னே வந்து, தலை கவிழ்ந்து, "கங்காணி ஐயா, எம் பேரு வாசிக்கலீங்க," என்றாள். சந்துரு திகைத்துப் பொன்னுத்துரையைப் பார்க்க, அவன் தலையசைத்தான்.

"பேரென்ன?"

"கருப்பம்மா. சடையன் மவ."

சந்துரு மையில்லாத எழுதுகோலால் எழுதினான். விருந்தினர் கைதட்டினர். அவர்களுள் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெனிஷ் ஓடி வந்து, "அண்ணே, இப்படி ஒரு ஆளை ஊட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தீங்களே. நாளைக்கும் கூட்டிட்டு வாங்க," என்று முதுகில் தட்டினான்.

அவள் எதையும் கேட்கவில்லை. மாளிகையின் வேலியோரம் அழகுக்காக வளர்த்த தேயிலைச் செடிகளில் கொழுந்து கிள்ளத் தொடங்கியிருந்தாள். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவும் மறந்திருந்த விரல்கள், இரண்டு இலை ஒரு மொட்டு என்று பிழையின்றிக் கிள்ளின. பொன்னுத்துரை புல்லின்மேல் அமர்ந்து, பெற்ற பிள்ளை நடைபயிலக் காண்பவன்போல அதனைப் பார்த்திருந்தான். மகிழ்ச்சி என்று சொல்லத்தக்கது அந்த ஆண்டில் அவனுக்கு வாய்த்தது அந்த மூன்று நாழிகைதான்.

சந்துரு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஏனுங்ணா, இன்னைக்கு எங்கூட்டுக்குத் தண்ணி வர்ற நாளுங்க, போகோணும்," என்று பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டான். விருந்தினரும் உண்ணப் போயினர். கருப்பம்மா மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

உச்சிப்பொழுதில் தபித்தாள் சோறு கொண்டுவந்தாள். "வா கண்ணு, ஒரு வாய் தின்னுட்டுப் பொறுக்கலாம்."

"கங்காணி சொல்லாம சோத்துக்குப் போனா அரைப்பேருதான்," என்றாள் கருப்பம்மா. அரைப்பேர் என்பது பாதி நாள் உழைப்பை அழித்துவிடும் தண்டனை.

மழை தூறத் தொடங்கியது. சாக்கு நனைந்து கனத்தது. பாதங்களில் வேலி முள் கீறிக் குருதி கசிந்தது. பொன்னுத்துரை அருகே சென்று, "போதும் புள்ள, போகலாம்," என்றான். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மாமா, தப்புக்காரர் சொல்லி ஆளு கலையுமா? கூப்புடுறது ஒங்க வேலை. கலைக்கிறது அவரு வேலை."

அப்போதுதான் தன் பிழையின் முழு உருவத்தையும் அவன் கண்டான். ஆட்களை அழைக்க அவர்களிடம் ஓர் அறைவு இருந்தது. விடுவிக்க ஓர் அறைவு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தந்தை கற்றுக்கொடுக்காமல் விட்டதன்று அது, இல்லாததே. கங்காணியின் வாய்ச்சொல் ஒன்றே வீட்டுக்கு வழி. பறையை எடுத்துத் திருவிழாக் கொட்டு அடித்தான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே கிள்ளினாள். கையைப் பற்றி இழுத்தான். அஞ்சி அலறிச் செடியைக் கட்டிக்கொண்டாள். வீடு போய்ச் சேர்ந்திருந்த சந்துருவைக் கைப்பேசியில் அழைத்துப் பேசச் செய்தான். "கலைஞ்சு போகலாம்," என்று கருவிக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு, "பொட்டிக்குள்ள இருந்து கங்காணி பேசுவாரா, என்னை என்ன பைத்தியம்னு நெனச்சீங்களா?" என்றாள்.

தபித்தாள் ஈரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள். "அண்ணா, அந்தக் கோட்டுக்காரன் சொன்னாத்தான் கேப்பாளாட்ட இருக்குதுங்க. வேற வழி தெரியல. ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது அவளுக்கு."

பொன்னுத்துரை நெடுநேரம் மழையில் நின்றான். பிறகு உள்ளே போய், ஆணியிலிருந்த கறுப்புச் சட்டையை எடுத்து அணிந்தான். ஆடும் ஆளுக்கேற்ப அளவெடுத்துத் தைத்ததன்று அது. ஆயினும் அவன் தோளில் பழகினதுபோல் உட்கார்ந்தது. தலைப்பாகை வைத்தான். பிரம்பை எடுத்தான். படிகளில் இறங்கி வந்து, தான் பத்து வயதில் தாயின் முந்தானைக்குள் ஒளிந்து கேட்ட குரலைத் தன் தொண்டையிலிருந்தே எடுத்து, "ஏய், போதும். கலை," என்றான்.

அவள் உடனே கூடையை இறக்கினாள். முகம் செத்தது. காலையில் மலர்ந்த கண், மண்ணை நோக்கித் தாழ்ந்தது. அவன் முன்னே நடக்க, அவள் பத்தடி பின்னே கைகட்டி வந்தாள். நனைந்த வழுக்குப் பாதையில் அவள் இடறியபோது தாங்கப் போனான். நீட்டிய கை தன்னை அடிக்க வருவதாக எண்ணி அவள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அதன்பின் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காலடி ஓசையை மட்டும் எண்ணிக்கொண்டே இறங்கினான்.

வரிசை வீட்டின் வாயிலில் அவள் நின்றாள். அவன் நகரும்வரை உள்ளே போகமாட்டாள் என்பது தெரிந்தது.

"ஐயா போங்க," என்றாள் மெல்ல. "லயத்து வாசல்ல நீங்க நிக்கக் கூடாதுங்க. எங்க மாமன் மவன் பார்த்தா மனசு ஒடைஞ்சு போவான்."

அந்த மாமன் மகன் கறுப்புச் சட்டைக்குள் நின்று அதனைக் கேட்டான். தெருமுனைக்கு நடந்துபோய், சட்டையைக் கழற்றித் தபித்தாளின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. தாழ் என்பதையே மறந்திருந்தவள் அவள்.

"யாரு?" என்றது உள்ளிருந்து.

"நாந்தான் புள்ள, பொன்னுத்துரை."

"பொய் சொல்லாதீங்க. அவன் பச்சப் புள்ள. இது கெழவன் கொரலு."

தபித்தாள் சன்னல் வழியே கஞ்சியும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தாள். பொன்னுத்துரை அவள் வீட்டு முன்னறையில் படுத்தெழுந்து, விடிந்ததும் தன் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. குரல் கொடுத்தான். திறக்கவில்லை. கடைசியில் பறையை எடுத்துவந்து, தன் வீட்டு வாயிலிலேயே நின்று, இரு நெடில், மூன்று குறில், ஒரு வெட்டு என்று அறைந்தான். தாழ் விலகியது. இடுப்பில் சாக்கோடு அவள் வெளியே வந்து, "இன்னைக்குச் சரியா அடிச்சீங்க மாமா," என்று சொல்லி மேட்டை நோக்கி நடந்தாள்.

அன்பரே, அதன்பின் வந்த நாள்களைத் தனித்தனியே உரைக்க வேண்டுவதில்லை. காலையில் அவளை எழுப்ப அவன் தன் தந்தையானான். மாலையில் அவளை வீடு சேர்க்கத் தன் தந்தையை அடித்தவனானான். விருந்தினர் நாள்தோறும் கைதட்டினர். இவ்விரு வேடங்களுக்கும் நடுவே, பதினைந்து அகவையில் சோம்பேறி என்று பெயரெடுத்த ஒருவனை அவள் ஒவ்வொரு விடியலிலும் கேட்டாள். அவனும் ஒவ்வொரு விடியலிலும் வருவான் என்றே விடை சொன்னான். ஒருவனைக் கடைசிவரை நினைவில் வைத்திருப்பதும், அவன் எதிரே நிற்கையில் அறியாதிருப்பதும் ஒரே நெஞ்சிலே அமைதல் கூடும். அந்நெஞ்சின் வாயிலைத் திறக்க அழைப்பு ஒன்று மட்டும் அவனிடம் இருந்தது; உள்ளே புகுவதற்குரிய உரு எதுவும், அவன் துணிமூட்டையில் இருந்த உடைகளுள் இல்லை. மேட்டிலே பனி ஏறுகிறது. கீழே தாழ் விலகும் ஓசை கேட்கிறது.