குளத்துக்குள் போன பார்க் சாவி

குளத்தில் பூஜைப் பூக்களைப் போடாதீர்கள் என்று மூன்று மொழியில் பலகை எழுதி மாட்டியவன் நான். வெள்ளிக்கிழமை விடிகாலை, யாருமில்லை என்று பார்த்துவிட்டு, நேற்றைய பூவை வேலிக்கு மேலே வீசியவனும் நான்தான். பூ மிதந்தது. அதே கையில் இருந்த பார்க் சாவி மிதக்கவில்லை.

கச்சிபௌலியில் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னால், குளக்கரையில் நாலு பெஞ்சும் ஒரு நடைபாதையும்தான் அந்தப் பார்க். காலையில் திறக்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருந்தேன். ஆபீஸில் எனக்கு அலமாரிச் சாவிகூடத் தருவதில்லை.

என் மனைவி பத்மப்ரியாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து இருபத்துநாலு நாள். தினமும் நடக்காவிட்டால் கால் இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். தெருவிலோ தண்ணீர் லாரிக்கும் பைக்குக்கும் நடுவே நாயே யோசித்துத்தான் கால் வைக்கும். பார்க்கை விட்டால் அவளுக்கு இடமில்லை. "வலிக்குதா?" என்று தினமும் கேட்பேன். "பரவால்ல" என்பாள். நானும் நிம்மதியாக மீனுக்குப் பொரி போடப் போய்விடுவேன்.

அன்றும் ஊன்றுகோலோடு வந்து நின்றாள். பின்னாலேயே நடைக்கூட்டம். முன்னால் லோயிஸ் ஆன்ட்டி, இதே ஊரில் பொலாரத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"என்னா சந்தானம், கேட் ஏன் மூடியிருக்கு?"

"சாவி குளத்துல விழுந்துடுச்சு ஆன்ட்டி. பூ போட்டேன்."

அவர் பலகையைப் பார்த்தார். "போர்டு நீதானே எழுதினே?"

"தெலுங்கு மட்டும் எதிர் வீட்டுக் கமலா எழுதினது."

பூட்டை அறுக்க ஆள் பத்து மணிக்குத்தான் வருவானாம். "பரவால்ல, வீட்டுக்குப் போலாம்" என்று பத்மப்ரியா திரும்பினாள்.

"நக்கோ, போக வேணாம்" என்றார் ஆன்ட்டி. சர்ச்சில் பாட்டுக்குழுவை வரிசையில் நிறுத்திப் பழகியவர், நடைக்கூட்டத்தின் பதினொரு பேரையும் தெருவில் வண்டி போகிற பக்கமாக வேலிபோல நிறுத்தினார். ஓரமாக ஒரு பாதை பிறந்தது. லாரி ஹாரன் அடித்தது. ஆன்ட்டி கையைக் காட்டினார். டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

அந்த வரிசையில் பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்தத் தெலுங்கு ஊரில் நமக்கு யாருமில்லை என்று இரண்டு வருஷமாகத் திருநெல்வேலிக்குப் போன் போட்டுப் புலம்பியவன் நான். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் லாரி டிரைவரையும் சேர்த்தே கும்பிட்டேன்.

செய்ய வேறு வேலை இல்லாததால் முதல்முறையாக அவள் பக்கத்திலேயே நடந்தேன். நாலு அடிக்கு ஒருதரம் அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது அன்றுதான் காதில் விழுந்தது.

"வலிக்குதா?"

ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வலிக்குது. ரொம்ப வலிக்குது. கையைக் குடுங்க."