சம்பந்தியம்மா இழுத்த கோடு

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிரேக்கம்மா. ஒரு வாண்டு இருக்கையைவிட்டு எழுந்தாலும் போதும், வண்டி அங்கேயே நின்றுவிடும். அது உட்கார்ந்தால்தான் மறுபடி நகரும். அப்படி ஒரு பிடிவாதம். அவளுடைய சொந்தக் கார் புகை கக்கிக்கொண்டு ஆயிலைத் தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தபோது, மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்றார். அந்த ஒரு சொல்தான். அடுத்த விடுமுறை நாளே அவள் இன்ஜினைப் பிரித்துவிட்டாள்.

ஆறு வாரம் வீடு வீடாக இல்லை. வால்வுகள் வரிசை மாறாமல் முட்டை அட்டையில் உட்கார்ந்திருந்தன. வால்வு ஸ்பிரிங்கை அமுக்க, தச்சர்கள் பலகை ஒட்டும்போது போடும் இறுக்கியும் ஒரு துண்டுக் குழாயும் போதுமானதாக இருந்தன. பிஸ்டன் வளையங்களை நெருக்கிப் பிடிக்க பிஸ்கட் டின்னை வெட்டிச் சுருட்டி, ரப்பர் குழாய்க்குப் போடும் இரண்டு கிளிப்புகளால் இறுக்கினாள். சுத்தியலின் மரக்கைப்பிடியால் தட்டியதும் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கணவர் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். இன்ஜினைத் தூக்கி வைக்க ஒத்தாசை செய்ததில் அவருக்கு இடுப்பும் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை இன்ஜின் ஓடியது. சத்தம் சுத்தம். ஆனால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியின் விளிம்பிலிருந்து ஏழு இடத்தில் சொட்டியது. கசியாமல் இருக்க விளிம்பில் போட்ட ஒட்டுப்பசைதான் காரணம். சனிக்கிழமை காலையில் தொட்டியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "சம்பந்தியம்மா வந்துட்டாங்க!"

"நாளைக்குத்தானே வரேன்னாங்க?"

"அதை அவங்ககிட்ட கேளு!" என்று அவர் போர்வையை எடுத்துத் தொட்டிமேல் வீசினார்.

மகளைக் கட்டிக்கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. மாப்பிள்ளையின் அம்மா கேக் கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். அவர் உட்கார்ந்து, "நாளைக்குப் பெரிய ஆர்டர் வந்துடுச்சுங்க, அதான் இன்னைக்கே வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போர்வையில் ஒரு கறுப்புக் கறை மெதுவாக மலர்ந்தது. மூவரும் அதைப் பார்க்காத மாதிரி டீ குடித்தார்கள். கறை பப்படம் அளவுக்கு வந்ததும் சம்பந்தியம்மா எழுந்து போர்வையின் ஓரத்தைத் தூக்கினார்.

"இது என்ன தட்டு?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. பிரேக்கம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சம்பந்தியம்மா குனிந்து, இன்னும் சுரண்டாமல் இருந்த பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"யார் போட்டது?"

"நான்தான். டியூபை அப்படியே பிதுக்கினேன்."

"ஒரு இடத்துல மலை, ஒரு இடத்துல மடு. எங்க கடையில நேத்து சேர்ந்த பொண்ணுகூட இப்படிப் போடாதுங்க."

நாக்கு நுனி வரை வந்த பதிலைப் பிரேக்கம்மா விழுங்கினாள். மகளின் மாமியார் ஆயிற்றே. அதற்குள் அந்த அம்மாள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "கனமான பிளாஸ்டிக் பை ஒண்ணு, கத்திரிக்கோல் ஒண்ணு குடுங்க" என்றார். மிச்சப் பசையையும் சுரண்டி விளிம்பைத் துடைத்து முடித்ததும், பையைக் கூம்பாகச் சுருட்டிப் பசையை அடைத்து நுனியை வெட்டினார். கேக்மேல் கிரீம் வைப்பதுபோலக் கொழுகொழுவென்று ஒரு சரிகை விளிம்பு உருவானது.

"நிறுத்துங்க சம்பந்தி!"

கணவருக்கு டீ புரையேறியது.

"இது அழகுக்கு இல்ல. இறுக்கும்போது மிச்சமெல்லாம் உள்ள பிதுங்கும். அது பிஞ்சு போய் ஆயில் சல்லடையை அடைச்சா, இன்ஜின் அவ்வளவுதான்."

சம்பந்தியம்மா பையைக் கீழே வைத்தார். "அப்போ எவ்வளவு தடிமன்?"

"தீக்குச்சியைவிடக் கொஞ்சூண்டு அதிகம். திருகு ஓட்டைக்கு உள்பக்கமாப் போகணும்."

வழித்துத் துடைத்துவிட்டு, புதுப் பை சுருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சம்பந்தியம்மா ஒரே இழுப்பு இழுத்தார். தொடங்கிய இடத்தில் வந்து முடிந்தது கோடு. எங்கும் விட்டுப்போகவில்லை, எங்கும் தடிக்கவில்லை.

இனிப் பசை காய்வதற்குள், பத்து நிமிடத்தில் மாட்டியாக வேண்டும். தொட்டி கோணலாக ஏறினால் கோடு கலைந்துவிடும். தூக்க நான்கு கை வேண்டும். கணவரின் இடுப்பு எதற்கும் லாயக்கில்லை.

"பழைய சட்டை இருந்தா குடுங்க, நான் வரேன்" என்றார் சம்பந்தியம்மா. பிறகு, "அடுக்கு கேக்குன்னா குச்சி சொருகி, அது வழியாத்தான் மேல் அடுக்கை இறக்குவோம். நகராது. இதுல அப்படி ஒண்ணும் கிடையாதா?"

பிரேக்கம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நீளமான பழைய போல்ட்டுகள் இரண்டைத் தேடியெடுத்து, தலையை ரம்பத்தால் அறுத்து, இன்ஜினின் அடியில் எதிரெதிர் மூலைகளில் திருகினாள். அட்டையை விரித்து இருவரும் காருக்கு அடியில் மல்லாந்தார்கள். தொட்டி அந்த இரண்டு குச்சிகள் வழியே நேராக ஏறி உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு சொட்டு ஆயில் சம்பந்தியம்மாவின் மூக்கில் விழுந்தது.

பிரேக்கம்மாவுக்கு உயிரே போய்விட்டது. சம்பந்தியம்மா சிரித்தார், தொட்டி குலுங்கும் அளவுக்கு.

"ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க!"

"உங்களைக் கண்டா எனக்குப் பயங்க" என்றார் அவர், சிரிப்பு அடங்கியதும். "கல்யாணத்தன்னைக்கு நீங்களே ஓட்டிட்டு வந்த அம்மாம் பெரிய பஸ்ஸை மண்டப வாசல்ல ஒரே வெட்டுல ஒடிச்சு நிறுத்தினீங்களே!"

"நான் உங்க வீட்டுத் தரையைப் பார்த்துல்ல பயந்தேன்! காலை எங்க வைக்கிறதுன்னே தெரியல."

திருகுகளை முதலில் விரல் பலத்துக்கு மட்டும் இறுக்கி, ஒரு மணி நேரம் பொறுத்து முழுதாக இறுக்கினாள். சாயங்காலம் சம்பந்தியம்மா மூக்கைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் பகலில், பசை நன்றாக இறுகிய பிறகு, ஆயிலை ஊற்றிச் சாவியைத் திருப்பினாள். அடியில் செய்தித்தாளை விரித்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, தாளை வெளியே இழுத்தாள். ஒரு சொட்டு இல்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேராகக் கேக் கடை வாசலுக்குப் போனாள்.

சம்பந்தியம்மா முழங்கை வரை மாவோடு வெளியே வந்தார். குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து, உள்ளே பார்த்து, "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று குரல் கொடுத்தார். முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவர்கள் திரும்பிவர ஒரு மணி நேரம் ஆனது.