கப்பல் என் பொறுப்பில்

தளபதிக்கு இன்றோடு வேலை முடிகிறது. நாட்டின் முதல் கடற்படைத் தளபதி என்று பேப்பரில் எத்தனையோ முறை படம் போட்டுவிட்டார்கள். அந்தப் பட்டத்தை யாராவது வாய் நிறையச் சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். கடற்படை ஆரம்பித்தபோது இருந்தது ஒரே ஒரு கப்பல். பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை வேறொரு நாடு பெயிண்ட் அடித்து அன்பளிப்பாகக் கொடுத்தது. பதவிக்குப் போட்டியிட்டவர்கள் இரண்டே பேர். மற்றவருக்குக் கப்பலில் ஏறினாலே வாந்தி. இவருக்குப் பாதி நாள்தான் வாந்தி. அந்தத் தகுதியில்தான் தேர்வானேன் என்று விருந்துகளில் அவரே சொல்லிச் சிரிக்க வைப்பார்.

இப்போது கப்பல்கள் பெருகிவிட்டன. சண்டை போட்டு, கெஞ்சி, அமைச்சர்கள் வீட்டு வாசலில் தவம் கிடந்து ஒவ்வொன்றாக வாங்கியவர் அவர்தான். என்ன, கடந்த பல வருடங்களாக அவர் ஓட்டியதெல்லாம் சுழல் நாற்காலி மட்டுமே. அதையும் ஒரு தடவை சுவரில் இடித்திருக்கிறார்.

சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் இருந்தது. நான் போன பிறகு இது நிற்குமா? நல்ல பிள்ளைகளைத்தான் வளர்த்திருந்தார், ஆனால் எல்லாரும் 'சரி சார்' பிள்ளைகள். கடல் இனிக்கிறது என்று அவர் சொன்னால், ஆமாம் சார், சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்பார்கள். தலையாட்டிகளை வைத்துக்கொண்டு கப்பல் ஓட்ட முடியாது. இந்தக் கவலையில் அவருக்குப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை.

வழியனுப்பு விழாவுக்காக, புத்தம் புதிய கப்பலில் அவருக்குத் துறைமுகம் முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள். கப்பல், கரையோரம் கட்டி நிறுத்தும் மேடையான ஜெட்டியை நோக்கித் திரும்பியது. அங்கே பேண்டு வாத்தியக்காரர்கள், அமைச்சர், தளபதியின் மனைவி எல்லாரும் காத்திருந்தார்கள். சும்மா நின்றிருக்கலாம். ஆனால் மனைவி பார்க்கிறாளே என்று அவருக்குக் கை அரித்தது.

"கேப்டன், ஜெட்டியில நானே கொண்டு போய் நிறுத்துறேன்."

கப்பலின் கேப்டன் ஒரு இளம்பெண். ஒரு நொடி தயங்கினார். "சார், இது புதுக் கப்பல். சொன்னவுடனே கேக்கும்."

"நீங்க பள்ளிக்கூடம் போறப்பவே நான் கப்பல் ஓட்டினவன்மா."

"சரி சார்."

தளபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "கப்பல் என் பொறுப்பில்" என்றார்.

அப்படிச் சொல்வது விதி. கட்டளை ஒரே வாயிலிருந்துதான் வர வேண்டும். பொறுப்பை எடுப்பவர் உரக்கச் சொல்ல வேண்டும், விடுபவர் 'உங்கள் பொறுப்பில்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும், சுக்கான் பிடிப்பவர் அதற்குமேல் அந்த ஒரு குரலைத்தான் கேட்க வேண்டும். முதல் வருடத்தில் இரண்டு அதிகாரிகள் ஆளுக்கொரு கட்டளை போட்டுத் துறைமுகக் கழிப்பறையை இடித்துத் தள்ளிய பிறகு தளபதி எழுதிய விதி இது. இருவரில் ஒருவர் அவர்தான். ஆபத்து என்றால் கப்பலின் கேப்டன் யாரிடமிருந்தும், தளபதியிடமிருந்தும்கூட, பொறுப்பைப் பறிக்கலாம் என்றும் இளரத்த வேகத்தில் எழுதி வைத்திருந்தார். யாரும் பறித்ததில்லை. ஒரு தடவை அவர் கப்பலை மணல்திட்டில் ஏற்றியபோது, பக்கத்தில் நின்ற நாலு அதிகாரிகளும் மணலைப் பார்த்து 'சரி சார்' என்றார்கள்.

"உங்கள் பொறுப்பில், சார்" என்றார் கேப்டன்.

"ரெண்டு எஞ்சினும் முன்னால, பாதி வேகம்."

பழைய கப்பலாக இருந்தால் இந்தக் கட்டளைக்கு முதலில் இருமும், பிறகு யோசிக்கும், நாம் ஒரு டீ குடித்து முடித்ததும் மெல்ல நகரும். இது எகிறிப் பாய்ந்தது. தளபதியின் உடம்போ பழைய கப்பலிலேயே நின்றுகொண்டிருந்தது. "மெதுவா" என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் எஞ்சின் யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். ஜெட்டி கிட்டே வந்துகொண்டே இருந்தது. பேண்டு மாஸ்டர் கையை ஆட்டியபடியே பின்னால் நடந்தார். அமைச்சர், தளபதியின் மனைவிக்குப் பின்னால் ஒதுங்கினார். எஞ்சினைப் பின்னால் ஓட்டச் சொல்ல வேண்டும் என்று தளபதிக்குத் தெரிந்தது. வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை.

"கப்பல் என் பொறுப்பில்!"

குரல் கேப்டனுடையது.

"ரெண்டு எஞ்சினும் பின்னால, முழு வேகம்! சுக்கான் முழுக்க இடப்பக்கம்!"

சுக்கான் பிடித்தவர் தளபதி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கப்பல் கிடுகிடுவென நடுங்கி, ஜெட்டியை இடிக்காமல் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. கயிறுகள் பறந்தன.

தளபதிக்குக் காது மடல் வரை சூடேறியது. யாரைக் கேட்டு என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் இப்படி மூக்கறுபட்டு அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் விதிப்படி அவர் பதில் சொல்ல வேண்டும், எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"உங்கள் பொறுப்பில், கேப்டன்" என்றார். குரல் கீச்சென்று வந்தது. சொல்லி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கினால் வேறென்ன ஆகும்? கடற்காற்று என்று முணுமுணுத்தபடி கண்ணைத் துடைத்தார். அவர்கள் நின்ற சுக்கான் அறையில் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன.

இறங்கியதும் அமைச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். "கை இன்னும் மறக்கல பாருங்க! எவ்வளவு வேகமா வந்து, எப்படி நச்சுனு நிறுத்தினீங்க!"

தலையாட்டிவிடலாமா என்று தளபதி ஒரு கணம் யோசித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "நிறுத்தினது நான் இல்லீங்க. நான் இடிக்கத்தான் வந்தேன்."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் மனைவி. "வீட்டுல காரையே நீங்க ஒழுங்கா நிறுத்துனது கிடையாது."

கேப்டன் படியிறங்கி வந்து விறைப்பாக நின்றார். முகம் வெளுத்திருந்தது. "சார், எல்லார் முன்னாலயும் அப்படிப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

"சாயங்காலம் வரைக்கும் நான்தான் தளபதி" என்றார் அவர். "எங்க, அந்த மன்னிப்ப எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா கேளுங்க பார்ப்போம். இது என் உத்தரவு."

கேப்டன் அவரை நேராகப் பார்த்தார். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு துடித்தது.

"முடியாது, சார்."