கொட்டகை வாசலில் விழா

காணும் பொங்கலன்று சாயங்காலம் காலனி மைதானத்தில் கலை விழா நடத்துவது வழக்கம். இந்த வருஷம் அந்தப் பொறுப்பு திலகாவிடம் வந்தது. உத்திரமேரூருக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில், அவித்த நெல்லைக் காயவைக்கும் களத்தில் வேலை செய்பவள் அவள். காலனிப் பெண்களைச் சேர்த்துப் பறைக்குழு ஒன்றையும் நடத்திவந்தாள். விழாவுக்கு 'பக்கத்து வூடு' என்று பெயர் வைத்தாள். ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் குடியிருந்த ஒடிசாக்காரர்களையும் ஆடுவதற்குக் கூப்பிட்டாள். அவர்களில் சுகாந்தி என்பவள் களத்தில் அவளோடு நெல் கிளறுகிறவள். சாப்பாட்டு நேரத்தில் தன் ஊர் ஆட்டத்தை ஆடிக்காட்டுவாள்.

சுகாந்தியின் புருஷன் லோச்சன் ஆலையில் மூட்டை தூக்கினான். முன்பு அந்த வேலையைச் செய்தவன் திலகாவின் புருஷன் ஆல்பர்ட். குறைந்த கூலிக்கு ஒடிசா ஆட்கள் வந்ததும் ஆல்பர்ட்டையும் காலனி ஆண்களையும் ஆலை நிறுத்திவிட்டது. அவர்களை விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று தெரிந்த அன்று ஆல்பர்ட் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். யாரை வேண்டுமானாலும் கூப்பிடு, நான் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொன்னான். திலகாவுக்கு அது வலித்தது. ஆனாலும் கூப்பிட்டதைத் திரும்பப் பெறவில்லை.

ஆலைக்கு ஆள் பிடித்துவரும் மேஸ்திரி ராஜாராம். வருஷா வருஷம் விழாவுக்கு மேடையும் மைக் செட்டும் போட்டுத் தருகிறவனும் அவன்தான். விழாவுக்கு முந்தின நாள் அவன் திலகாவுக்கு ஆள் விட்டு வரச் சொன்னான்.

"உன் வூட்டுக்காரன் சோத்துல மண்ண போட்டவனுங்களுக்கு மேடையா?" என்றான்.

"அவங்கள இட்டுக்கினு வந்தது யாருணா? நீதானே. வேலை வாங்க அவங்க வோணும், எங்ககூட உக்கார மட்டும் வோணாமா?"

அவர்களை எடுத்துவிட்டால்தான் மைக் செட் என்று சொல்லிவிட்டான் ராஜாராம். விழாக் குழுவில் இருந்தவர்கள் அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் விட்டுவிடலாமே என்று கெஞ்சினார்கள். அப்படியானால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றாள் திலகா.

மறுநாள் மதியம் ஒரு வேன் வந்தது. போட்ட மேடையைப் பிரித்து, ஸ்பீக்கர்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அது போன கொஞ்ச நேரத்தில் லோச்சனும் சுகாந்தியும் வந்தார்கள். அவர்கள் மேடை ஏறினால் எல்லோரையும் ஊருக்கு ரயிலேற்றிவிடுவதாக மேஸ்திரி மிரட்டியிருக்கிறான். வரமாட்டோம் என்று லோச்சன் தரையைப் பார்த்துச் சொன்னான். சுகாந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

திலகா கோபப்படவில்லை. "நீங்க வர வோணாம். நாங்க வர்றோம். காணும் பொங்கல்னா நாலு வூட்டுக்குப் போயி பாக்கறதுதான்" என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் இறங்கினார்கள். காலனியில் பாதிப் பேர் பின்னால் வந்தார்கள். மீதிப் பேர் வாசலில் நின்று பார்த்தார்கள். ஆலைக்குத் திரும்பும் இடத்தில் ராஜாராம் பைக்கைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். இந்தப் பக்கம் மேளம் போகக் கூடாது என்றான்.

"மைக் செட்டு உன்துணா, தூக்கிக்கினு போயிட்ட. ரோடு யாருது?" என்றாள் திலகா.

கரைமேல் தனியாக நின்றிருந்த ஆல்பர்ட்டை ராஜாராம் பார்த்துவிட்டான். உன் பொண்டாட்டியை வீட்டுக்குக் கூட்டிப்போ என்று அவனை அதட்டினான். ஆல்பர்ட் மெதுவாக இறங்கி வந்தான். திலகாவின் கை பறைமேல் அப்படியே நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

"லோச்சனுக்கு இன்னா கூலி குடுக்கற?" என்று ராஜாராமைக் கேட்டான்.

அது உனக்கு எதுக்கு என்றான் ராஜாராம்.

"அப்ப அவனையே கேட்டுக்கறேன்" என்று பைக்கைச் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தான் ஆல்பர்ட். கூட்டமும் அவன் பின்னால் போனது.

கொட்டகை வாசலில் பறை முழங்கியது. முதலில் யாரும் வெளியே வரவில்லை. பிறகு சுகாந்தி வந்தாள். மாவு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பெண்களுக்கு நடுவில் போய் ஆட ஆரம்பித்தாள். லோச்சன் உள்ளே போய்த் தன் டோலக்கை எடுத்துவந்தான். பறையும் டோலக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துவரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் காலனி வாசல்களில் நின்றவர்களிலும் பலர் வந்து சேர்ந்தார்கள்.

ஆட்டம் ஓய்ந்ததும் ஆல்பர்ட் லோச்சன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தெரிந்த தமிழிலும் தெரியாத இந்தியிலும் இருவரும் பேசினார்கள். ஆலை கொடுக்கும் கூலியில் பாதி மேஸ்திரியிடமே நின்றுவிடுகிறது என்று ஆல்பர்ட்டுக்குத் தெரிந்தது. யார்மேல் இவ்வளவு நாள் கோபப்பட்டோம் என்று நினைத்திருப்பான்.

பொங்கல் முடிந்து ஆலை திறந்த அன்று, காலனி ஆண்களும் ஒடிசா ஆண்களும் ஒன்றாக வாசலில் நின்றார்கள். நிறுத்தியவர்களுக்கும் வேலை, எல்லோருக்கும் ஒரே கூலி, அதுவும் நேராக எங்கள் கையில், இல்லையென்றால் மூட்டை நகராது என்றார்கள். யோசித்துச் சொல்வதாக மேனேஜர் சொன்னார். திலகாவுக்கு மட்டும் இனி களத்தில் வேலை இல்லை என்றார்.

திலகா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் சுகாந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு களத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கிளற ஆளில்லாமல் அவித்த நெல் வெயிலில் கிடந்தது. அப்படியே விட்டால் வீணாகிவிடும் என்பது மேனேஜருக்கும் தெரியும். உச்சி வெயிலில் அவரே வெளியே வந்து, திலகாவையும் சேர்த்து எல்லோரையும் உள்ளே வரச் சொன்னார்.

"கூலிக்கு இன்னா பதில் சார்?" என்றாள் திலகா, எழுந்திருக்காமல்.

முதலாளியிடம் பேசிவிட்டதாகவும், இந்த வாரத்திலிருந்து அவர்கள் கேட்டபடியே வேலையும் கூலியும் கொடுப்பதாகவும் அவர் சொன்னார். திலகா அதை ஒடிசா ஆட்களுக்குச் சொல்லும்படி லோச்சனைக் கேட்டுக்கொண்டாள். அவன் சொல்லி முடித்து, எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் எழுந்தாள்.